இரவலுக்கு ஏது வெட்கம்?

அடுத்த பல்கலைக்கழகத்தின் நூலகத்திடம் போய்ப் புத்தகம் இரவல் கேட்க, ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்கு வெட்கமாக இருக்காதா?

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பணமா இல்லை? அதுவே கொலம்பியா, பென்சில்வேனியா பல்கலைக்கழகங்களோடு கைகோத்து 1999-இல் 'பாரோ டைரக்ட்' என்ற இரவல் ஏற்பாட்டைத் தொடங்கியது. 2011-இல் ஹார்வர்டும் வந்து சேர்ந்துகொண்டது. அச்சாகும் அத்தனையையும் வாங்கிக் குவிக்க எந்தப் பணக்காரராலும் ஆகாது.

இரவல் கேட்க, எது எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டுமே! அதற்காக 1967-இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலக் கல்லூரிகள் கூடி ஓர் அமைப்பைத் தொடங்கின. 1971 ஆகஸ்ட் 26 முதல் அவற்றின் கூட்டுப் பட்டியல் கணினியில் ஓடியது. ஒரு நூலகம் ஒரு நூலைப் பதிந்தால் போதும். மற்றவை அந்த வேலையை மறுபடி செய்ய வேண்டாம். அதே அமைப்பு பட்டியல் அட்டைகளையும் கோடிக்கணக்கில் அச்சடித்துத் தந்தது. கடைசி அட்டை எப்போது தெரியுமா? 2015 அக்டோபரில்!

நம் நாட்டில் காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையத்தின் 'இண்ட்கேட்' என்ற கூட்டுப் பட்டியல் இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழக நூலகங்களின் இருப்பை வீட்டிலிருந்தே தேடலாம். உங்கள் நூலகத்தில் புத்தகம் இல்லையென்றால் திரும்பி வந்துவிடாதீர்கள். அது எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு போய், வரவழைத்துத் தரச்சொல்லி நூலகரிடம் கேளுங்கள்.