டைமிங் பெல்ட்டின் இழுவிசை: நெம்மேலியை முன்வைத்து ஓர் இல்லற ஆய்வு

ஆய்வுப் பொருள்: காரின் டைமிங் பெல்ட்டை மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டுபோகாமல், வீட்டு வாசலிலேயே இழுத்துச் சரிசெய்யும் வழக்கம். ஆய்வுக் களம்: செங்கல்பட்டு மாவட்டம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே உள்ள நெம்மேலி. ஆய்வுக் காலம்: ஞாயிற்றுக்கிழமைகள். ஏனைய கிழமைகளில் இவ்வழக்கம் காணப்படவில்லை.

களத் தேர்வுக்கு முதற்காரணம் உப்பு. மேற்கே பக்கிங்காம் கால்வாய், கிழக்கே வங்கக் கடல். இவ்விரண்டுக்கும் இடையில் ஒருமுறை இறுக்கிய போல்ட் மறுமுறை கழல்வதை விரும்புவதில்லை. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இங்கே 2013-ல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுடன் தொடங்கியது. 15 கோடி லிட்டர் திறனுள்ள இன்னொன்று 2024-ல் திறக்கப்பட்டது. கடலிலிருந்து உப்பைப் பிரிக்க இத்தனை ஏற்பாடு செய்த அரசு, பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரின் போல்ட்டிலிருந்து அதைப் பிரிக்க ஒரு திட்டமும் தீட்டவில்லை. அது துருநீக்கி எண்ணெய்க்கும், கழுத்து நரம்பு புடைக்க ரிங் ஸ்பேனர் பிடிக்கும் குடும்பத் தலைவருக்கும் விடப்பட்டிருக்கிறது.

இரண்டாம் காரணம் மறைமலை நகர். டைமிங் பெல்ட் வைத்த ஃபிகோ டீசலும், பெல்ட்டை எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே ஓடவிட்ட ஒரு லிட்டர் ஈக்கோஸ்போர்ட்டும் இதே மாவட்டத்து ஃபோர்டு ஆலையிலிருந்து வந்தவை. 2022-ல் அங்கே கார் உற்பத்தி நின்றது. பெல்ட்டுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இத்துறையில் முன்னோர் நூல் அரிதாகவே கிடைக்கிறது. முன்னோர் ஓட்டியவை செயின் வண்டிகள்: அம்பாசடர், பத்மினி, வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. செயின் தளர்ந்தால் கிலுகிலுவென்று ஊரைக் கூட்டும். நாம் ஆராய வேண்டியதில்லை, எதிர்வீட்டுக்காரரே வந்து சொல்லிவிடுவார். பெல்ட் அப்படியன்று. கட்டாகிற நாள்வரை பெரும்பாலும் வாயே திறக்காது. தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கத்தின் வாசலுக்கு அதைக் கொண்டுவந்தது 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800.

உலக வரலாற்றில் இதற்குச் சற்று மூத்த மரபு உண்டு. பெருமளவில் தயாரான கார்களுள் பல்வைத்த பெல்ட்டால் கேம் ஷாஃப்ட்டைச் சுழற்றியதில் முதலாவது, 1962-ல் ஜெர்மனியில் வந்த கிளாஸ் 1004. அந்த பெல்ட்டோ அதற்கும் முன்பே, 1940-களில், அமெரிக்காவில் தையல் மெஷினுக்காக உருவானது. ஆகவே காரின் பானெட்டைத் திறக்கும் கணவர், திண்ணையில் தையல் மெஷின் மிதிக்கும் மனைவியைக் கலந்துகொள்வதே வரலாற்று நோக்கில் முறை. களத்தில் இம்முறை பின்பற்றப்படவில்லை.

இனிப் பொருளுக்கு வருவோம். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் இருமுறை சுற்றினால், பெல்ட்டின் வழியே வால்வுகளைத் திறக்கும் கேம் ஒருமுறை சுற்ற வேண்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது கேம் 1,500 சுற்று. அதாவது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. பெல்ட் தளர்ந்தால் பல் தாண்டும். கிராங்க் சக்கரத்தில் 20 பல் இருந்தால், ஒரு பல் தாண்டினாலே 18 பாகை பிசகு. பிஸ்டனும் வால்வும் ஒரே இடத்தை முறைவைத்துப் பயன்படுத்தும் வகை எஞ்சினாக இருந்து, பெல்ட்டும் அறுந்துவிட்டால், இரண்டும் ஒரே நேரத்தில் அங்கே வந்து சேரும். வால்வு வளையும். மெக்கானிக் பானெட்டுக்குள் குனிந்து, நிமிர்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு, “ஹெட்டு இறக்கணும் சார்” என்பார். தமிழில் இதைவிடச் செலவு மிக்க இரண்டு சொற்கள் உளவோ எனின், கல்யாண மண்டபக்காரரிடம் உள.

அங்ஙனமாயின் இறுக்கியே வைப்போமே என்பாருமுளர். அற்றன்று. மிகையாக இறுக்கிய பெல்ட் ஊளையிடும். டென்ஷனர் பேரிங் தேயும். தண்ணீர்ப் பம்பையும் அதே பெல்ட் சுழற்றும் எஞ்சின்களில் பம்பின் பேரிங்கும் போகும். பொதுவாக எஞ்சின் முற்றிலும் ஆறியபின்தான் அளக்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு: சூடேறினால் அலுமினியம் விரியும், பெல்ட் அதோடு சேர்ந்து அவ்வளவு நீளாது, இழுவிசை தானே ஏறிக்கொள்ளும். நெம்மேலியில் மே மாத நண்பகலில் ஓடாத எஞ்சினும் ஆறியிருப்பதில்லை. விடியற்காலையே உத்தமம்.

எவ்வளவு இழுவிசை என்பதில்தான் அறிஞர் பிளவுபடுகின்றனர். பெரும்பான்மையோர் பெருவிரல் கட்சி. இரு புல்லிகளுக்கு இடையே நீளமான பகுதியின் நடுவில் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பெல்ட்டைப் பிடித்துத் திருகினால் 90 பாகை திரும்ப வேண்டும், அதற்கு மேல் திரும்பக் கூடாது என்பது இவர்கள் சூத்திரம். யாருடைய விரல் என்பதைச் சூத்திரம் சொல்லாது விட்டது. வலை இழுத்துக் காய்த்த விரலுக்கு எந்த பெல்ட்டும் 90 பாகை திரும்பும். கால்வாய்க்கு அப்பால் பழைய மாமல்லபுரம் சாலையில் விசைப்பலகை தட்டும் விரலுக்கு, ஆலையிலிருந்து வந்த புதுப் பெல்ட்டும் அசைந்து கொடுக்காது. ஆகவே ஒரே பெல்ட் அண்ணனுக்கு லூசாகவும் தம்பிக்கு டைட்டாகவும் இருப்பது களத்தில் அன்றாடக் காட்சி. இருவரும் பேசாமல் போன வீடுகளும் உண்டு. அதற்கு பெல்ட் மட்டும் காரணமா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

சிறுபான்மையினரான செவிக் கட்சியாரிடம் எனக்கு மதிப்பு அதிகம். அவர்களுடைய வாதம் உள்ளூர் மண்ணிலேயே வேரூன்றியது. மாமல்லபுரத்துச் சிற்பி கல்லைக் கண்ணால் பார்த்து மட்டும் தேர்வதில்லை. தட்டிப் பார்த்து நாதம் கேட்கிறார். எழும் ஒலியைக் கொண்டே ஆண் கல், பெண் கல் என்று பிரிக்கும் மரபு சிற்பிகளுடையது. உள்ளே விரிசல் இருந்தால் ஓசையிலேயே தெரிந்துவிடும். கல்லே பேசும்போது ரப்பர் பேசாதா? பேசும். தம்புராத் தந்தியை மீட்டுவதுபோல் பெல்ட்டைச் சுண்டினால் ஒரு சுருதி எழும். பிரெஞ்சுப் பாதிரியார் மெர்சென் 1636-ல் எழுதிவைத்த தந்தி விதிப்படி, நீளமும் எடையும் மாறாதபோது இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். சுருதி கீழ் ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜத்துக்கு ஏறினால் இழுவிசை நான்கு மடங்காகிவிட்டது என்று பொருள். ஒரேயொரு ஸ்வரஸ்தானம் உயர்ந்தால் கூடுதல் சுமார் 12 சதவீதம். பெல்ட் தந்தியைவிட விறைப்பானது என்பதால் கணக்கு இம்மி பிசகலாம். ஆனால் பெல்ட் நிறுவனங்களே இத்தத்துவத்தில் இயங்கும் ஒலிமானிகளை விற்கின்றன, கைபேசிச் செயலிகளும் இருக்கின்றன. காது தேறிய வீணை வித்வான் ஒருவர் இந்த ஊரில் ஷெட் போட்டால் நன்றாகப் பிழைக்கலாம். தடை ஒன்றே: சுண்டும்போதெல்லாம் அலை இரைகிறது, அது ஓய்ந்த நொடியில் புதுச்சேரி பஸ் ஹார்ன் அடிக்கிறது.

மூன்றாம் கட்சி பேசுவதே இல்லை. அது ஸ்பிரிங். மாருதி 800-ன் டென்ஷனரில் ஒரு சிறு ஸ்பிரிங் உண்டு. கிராங்க், கேம் இரண்டின் டைமிங் மார்க்கையும் நேராக வைத்து, வால்வு திருகுகளைத் தளர்த்தி (இல்லாவிட்டால் வால்வு ஸ்பிரிங்குகள் கேமைத் தள்ளி அளவைக் கெடுக்கும்), டென்ஷனர் போல்ட்டையும் தளர்த்திவிட்டால், கிராங்க்கை அது ஓடும் திசையிலேயே கையால் இரு முழுச் சுற்று சுற்றினால் போதும். தொய்வையெல்லாம் ஸ்பிரிங் தானே இழுத்துக்கொள்ளும். பிறகு போல்ட்டை முடுக்கி, மார்க் நேராக நிற்கிறதா என்று பார்த்து, வால்வு இடைவெளியைப் பழையபடி சரிசெய்ய வேண்டியதுதான். சுற்றும்போது எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். முட்டுவது வால்வாக இருக்கலாம். இதில் மனிதனுக்குள்ள பங்கு, ஸ்பிரிங் வேலை செய்யும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. களத்தில் இதுவே ஆகக் கடினமான கட்டமாக இருந்தது. “ஸ்பிரிங்கு இழுக்கிறது பத்தாதுண்ணே, நெம்பி வெச்சு இன்னும் ஒரு இழுப்பு இழு” என்று சொல்ல ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் தவறாமல் இருந்தார். மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையில், தவசியின் கோலத்தைப் பார்த்துத் தானும் கைதூக்கி நிற்கும் பூனை ஒன்று உண்டு. பல்லவர் காலத்திலேயே ஆலோசகர்கள் இருந்தமைக்கு அதுவே சிற்பச் சான்று.

தடை: இவ்வளவு தொல்லை எதற்கு, சுழலும் பாகமே இல்லாத ஊர்தி போதாதா எனின், அதற்கும் மாமல்லபுரத்திலேயே விடை உண்டு. ஐந்து ரதங்களில் எஞ்சின் கோளாறு என்று ஒன்று ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக வந்ததில்லை. அவை நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததுமில்லை. ஞாயிறு மாலை கணக்கெடுத்தால் நெம்மேலியில் இவ்வகை ரதங்கள் ஐந்துக்கு மேல் தேறும்.

ஆய்வின் முடிபு திண்ணையிலிருந்து வந்தது. விரலார்க்கும் செவியார்க்கும் இடையே வாதம் முற்றியிருந்த ஒரு வாசலில், தைத்துக்கொண்டிருந்த அந்த வீட்டு அம்மா மெஷினை நிறுத்தாமலே கேட்டார்: “அந்த பெல்ட்டு போட்டு எத்தினி வருஷமாச்சு?” ஒருவரிடமும் பதில் இல்லை. பெல்ட்டின் முதுகைத் திருப்பிப் பார்த்தபோது குறுக்கே மெல்லிய வெடிப்புகள், ஓரத்தில் பிசிறிய நூல். இரு கட்சிகளும் தம் கோட்பாடுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

பல கார்களுக்கு 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டர்வரை கெடு. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது டாஷ்போர்டு அறைக்குள் பிரிக்கப்படாமல் கிடக்கும் கையேட்டில் இருக்கிறது. கெடு தாண்டிய பெல்ட்டை இழுத்துக் கட்டாதீர்கள், மாற்றுங்கள். ஆயில் பட்ட பெல்ட்டுக்கும் இதே தீர்ப்பு. புதியது வாங்கும்போது டென்ஷனரையும் சேர்த்தே வாங்குங்கள். பழையதைக் கழுவிப் போட்டால் போதும் என்று எவர் சொன்னாலும், அவர் வீணை வித்வானாகவே இருந்தாலும், கேட்காதீர்கள்.