மாமனார் படுத்த ஆறு

காஞ்சிபுரத்தில் அனுமதி வாங்காமல் முதன்முதலில் கட்டுமானம் எழுப்பியவர் பிரம்மா. தல புராணப்படி, மனைவி சரஸ்வதியை விட்டுவிட்டு அங்குள்ள அத்தியூரில் வேள்விச்சாலை போட்டார். அம்மாள் சும்மா இருப்பாளா? வேகவதி என்ற ஆறாகி நுங்கும் நுரையுமாகக் கிளம்பிவிட்டாள். பிரம்மா அலறியடித்துத் தந்தையான பெருமாளிடம் ஓட, அவர் விசாரணைக் குழு அமைக்கவில்லை; ஆற்றின் குறுக்கே பாம்பணையை விரித்துப் படுத்தார். மாமனார் குறுக்கே படுத்தால் மருமகள் தாண்டுவாளா? ஒதுங்கிவிட்டாள். படுத்த பெருமாளைத் திருவெஃகாவில் இன்றும் சேவிக்கலாம்.

இதிலிருந்து பொறுப்பேற்பதைக் கற்றிருக்கலாம். நாம் கற்றது, ஆற்றில் படுக்கலாம் என்பதை. தாமல் ஏரியிலிருந்து திருமுக்கூடல் வரை போக வேண்டிய வேகவதியின் கரையில் கல் நட்டோம், ‘நகர்’ என்று பலகை வைத்தோம். “முப்பது வருஷமா தண்ணியே வரலை சார்” என்றார் புரோக்கர். 2015-இல் வந்தது. 2021 நவம்பரிலும் வந்தது.

யார் பொறுப்பு? மனை விற்றவர் பட்டாவைக் காட்டினார். பட்டா கொடுத்தவர் மேலதிகாரியைக் காட்டினார். மேலதிகாரி வானத்தைக் காட்டினார். கரண்ட் கொடுத்ததும் வீட்டு வரி வாங்கியதும் யார் என்று யாரும் கேட்கவில்லை. காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் மட்டும் குடிசைக்குப் போனது. எதிலும் சம்பந்தப்படாத நெசவாளியின் தறிக்குழியில் ஊற்றெடுத்தது. மிதிகட்டை மிதந்தது, பாவு நமுத்தது, கூலி போயிற்று.

இதற்கு மருந்து இதே மாவட்டத்தில், உத்திரமேரூர்க் கோயில் சுவரிலேயே இருக்கிறது. பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். ஏரி வாரியத்துக்கு 6 பேர்; குடவோலைச் சீட்டில் தேர்வு; பதவி 360 நாள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி குடத்துப் பக்கமே வரக்கூடாது. அவன் மட்டுமா? அவன் அப்பன், பிள்ளை, மாமனார், மைத்துனன், மருமகன், சித்தி பெரியம்மா பிள்ளைகள் வரை ஒருவர் பெயரும் குடத்துக்குள் விழக்கூடாது.

இந்த விதியை நாளைக்கே கொண்டுவரலாம். ஏரியில் தண்ணீர் நிற்கும். தேர்தலில்தான் நிற்க ஆள் இருக்காது.