சும்மா சுற்றியதற்கு நான்கு கிரெடிட்

சங்கரன்கோவிலில் அப்பாவுக்கு மளிகைக் கடை. அவருடைய கணக்கு நோட்டில் வராக்கடன் என்று பல பேர் உண்டு. அதில் முதல் பெயர் என்னுடையது. "சும்மா ஊர் சுத்துதான்" என்பதுதான் பத்தாம் வகுப்பிலிருந்து அவர் எனக்குக் கொடுத்துவந்த நடத்தைச் சான்றிதழ்.

சென்னையில் முதுகலை சேர்ந்தபோது ஒரு விருப்பப் பாடம் எடுத்தாக வேண்டும் என்றார்கள். புள்ளியியலில் இடம் நிரம்பிவிட்டது. மிச்சமிருந்தது 'நகரங்களும் பண்பாடும்'. தேர்வு கிடையாது, களப்பணிதான் என்றார் சீனியர் அண்ணன். களப்பணி என்றால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "ஊர் சுத்தணும்டா" என்றார். அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டேன்.

அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஏல, ஊர் சுத்துனா மார்க் போடுதாவளா? முன்னமே தெரிஞ்சிருந்தா பத்தாங்கிளாஸ்லயே உன்னய டாக்டர் பட்டம் வாங்க வச்சிருப்பனே" என்றார்.

முதல் வகுப்பில் ஜெர்மன் அறிஞர் கியார்க் சிம்மலைப் பற்றிப் பேராசிரியை சொன்னார். பெருநகரத்தில் வாழ்கிறவன் எதையும் கண்டுகொள்ளாத ஒரு முகத்தை வளர்த்துக்கொள்கிறான் என்று 1903இலேயே எழுதிவிட்டாராம். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. காலை எட்டரை மணிக்கு 29சி பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தவன் நான். என் காலை மிதித்துக்கொண்டே பெரம்பூரிலிருந்து வந்த மனிதரின் முகத்தில் சிம்மல் அச்சு அசலாக இருந்தார்.

அடுத்து, மனத்தில் இருக்கும் நகரத்தை வரைபடமாகப் போடச் சொன்னார்கள். இது கெவின் லிஞ்ச் 1960இல் எழுதிய புத்தகத்தின் வழி. பாதை, எல்லை, வட்டாரம், சந்திப்பு, அடையாளச் சின்னம் என்று ஐந்தாகப் பிரித்து நகரம் நம் மண்டையில் உட்கார்ந்திருக்கிறதாம். விடுதிப் பையன்கள் அனைவருக்கும் அடையாளச் சின்னம் ஒரே பரோட்டாக் கடை. ராயபுரத்துப் பையன் படத்தில் கடல், துறைமுகம், தன் வீடு மூன்றும்தான் இருந்தன. மிச்சச் சென்னைக்கு ஓர் அம்புக்குறி போட்டு 'அந்தப் பக்கம்' என்று எழுதியிருந்தான். நான் கூவத்தை எல்லையாகப் போட்டேன். லிஞ்ச் எல்லையைக் கண்ணால் பார்க்கச் சொல்கிறார். கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸில் வந்தாலும் சொல்லிவிடக்கூடிய எல்லை எங்களிடம்தான் இருக்கிறது. கோட்டையையும் மியூசியத்தையும் ஒருவருமே போடவில்லையே என்று பேராசிரியை வருத்தப்பட்டார். அவர் வரைந்ததை வாங்கிப் பார்த்தோம். கார் நிறுத்த இடம் கிடைக்கும் தெருக்கள் மட்டும் அழகாகக் குறிக்கப்பட்டிருந்தன.

உண்மையான சோதனை மூன்றாவது வாரம் வந்தது. பாரிஸ் நகரத்தில் அந்தக் காலத்தில் வேலைவெட்டி இல்லாமல் தெருவை ரசித்தபடி நடப்பதை ஒரு கலையாகவே வைத்திருந்தார்களாம். 1840 வாக்கில் ஆமையைக் கயிற்றில் கட்டி, அதன் வேகத்துக்கு நடந்தவர்களும் உண்டு என்று வால்டர் பெஞ்சமின் எழுதியிருக்கிறார். அதேபோல ஜார்ஜ் டவுனில் ஒரு மணி நேரம் நோக்கமில்லாமல் நடந்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள்.

தங்கசாலைத் தெருவில் இரண்டு நிமிடம் நின்றேன்.

"இன்னா வோணும் தம்பி?"

"ஒண்ணுமில்லண்ணே, சும்மா பாக்கேன்."

"சும்மா பாக்கறதுக்கு இன்னா கீது? அட்ரெஸ் சொல்லு, நா காட்றேன்."

அட்ரெஸ் இல்லை என்றதும் அவர் முகம் மாறியது. பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டார். இருவரும் பேசி, நான் வழி தவறிய பையன்தான் என்று முடிவு செய்து சென்ட்ரலுக்குப் போகும் வழியைச் சொன்னார்கள். அடுத்த தெருவிலும் அதே கதை. தெருவைத் தெருவில் இருப்பவர்களின் கண்கள்தான் காவல் காக்கின்றன என்று ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் எழுதினார். எங்கள் ஊர்த் தெருவுக்குக் கண்ணோடு வாயும் உண்டு என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஆமை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன்: பின்னாலிருந்து மீன்பாடி வண்டி வந்தால் ஆமையும் ஓடத்தான் வேண்டும்.

எனக்காவது வழி சொன்னார்கள். உடன் வந்த தோழி நின்ற இடத்தில், "யாரும்மா நீ, யாருக்கு வெயிட் பண்றே?" என்று மூன்று பேர் விசாரித்துவிட்டார்கள். மறுநாள் அவள் கையில் ஒரு அட்டையும் நாலு தாளும் பேனாவும் எடுத்துப் போனாள். அதன் பிறகு ஒரு கேள்வி இல்லை. ஒரு மணி நேரம் நிம்மதியாக நின்றாள். கடைசியில் ஒரு அம்மா மட்டும் வந்து, "தண்ணி லாரி மூணு நாளா வர்ல, அதையும் எழுதிக்கோ" என்றார். அவள் எழுதிக்கொண்டாள். பெண் ஒருத்தி இந்த ஊரில் சும்மா நிற்பதற்கே ஓர் அட்டை வேண்டியிருக்கிறது என்பது அவளுடைய கட்டுரையின் முதல் வரி. வகுப்பில் அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

பெயர் வரலாறு தேடவும் அனுப்பினார்கள். ஹாமில்டன் என்ற துரையின் பெயரிலிருந்த பாலம் சனங்கள் வாயில் அம்பட்டன் வாராவதியாகி, அதை மறுபடி ஆங்கிலமாக்கி பார்பர்ஸ் பிரிட்ஜ் ஆக்கிய கதையை எல்லாரும் எழுதிவிட்டதால், எங்கள் குழு மேற்கு மாம்பலம் லேக் வியூ ரோட்டுக்குப் போனது. பெயரில் ஏரி இருக்கிறது, பார்வையும் இருக்கிறது. பார்ப்பதற்குத்தான் ஏரி இல்லை. 1920களில் பழைய நெடும் ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். திண்ணையில் இருந்த பெரியவர் ஒருவரிடம் ஏரி எங்கே ஐயா என்று கேட்டோம். "நவம்பர்ல வாங்கோ, அதுவே வரும்" என்றார்.

கடைசிப் பணி, உட்காரும் இடங்களை எண்ணுவது. நியூயார்க்கில் பல வருஷம் கேமரா வைத்துப் பார்த்த வில்லியம் வைட், உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள் என்று 1980இல் கண்டு சொன்னார். ரங்கநாதன் தெருவில் நானும் தேடினேன். நின்று தேடவே இடம் இல்லை. 2019இல் நடைபாதையை அகலமாக்கிய பாண்டி பஜாரில் பெஞ்சுகள் இருந்தன. அவற்றில் பைகளோடு கணவன்மார்கள் இருந்தார்கள். காசு கொடுக்காமல், காரணம் சொல்லாமல் உட்கார எனக்குக் கிடைத்தது மெரினா மணல் ஒன்றுதான். அங்கேயும் சுண்டல்காரப் பையன் நாலு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனான்.

அன்றைக்கு மணலில் உட்கார்ந்திருந்தபோதுதான் அப்பா கடை வாசலில் கிடக்கும் பலகைப் பெஞ்சு ஞாபகம் வந்தது. பேப்பர் படிக்கிறவர், பஸ்ஸுக்கு நிற்கிறவர், மருமகளோடு சண்டை போட்டுவிட்டு வந்தவர் என்று ஒரு நாளும் அது காலியாக இருந்ததில்லை. அவர்களில் யாரையும் எதற்கு உட்கார்ந்திருக்கிறாய் என்று அப்பா கேட்டதில்லை. என்னை மட்டும்தான் கேட்பார். இறுதிக் கட்டுரையை அந்தப் பெஞ்சைப் பற்றியே எழுதினேன். இத்தனை லட்சம் பேர் வாழும் ஊருக்கு அப்படிப்பட்ட பெஞ்சு தெருவுக்கு ஒன்றாவது வேண்டும் என்று முடித்திருந்தேன். 'ஏ' கிரேடு வந்தது.

அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா அந்தப் பெஞ்சுல உக்காந்தவன்ல பாதிப் பேரு இன்னும் பாக்கி தரணும்லா. அத எழுதினியா?"

எழுதவில்லை. 'ஏ பிளஸ்' தவறியது அதனால்தான் இருக்கும்.