அடுத்த வீட்டு ஞானி

தெருவுக்கு ஒருவர் இருப்பார், தத்துவம் பேச. அவரைப் பார்க்கத் தோதான இடம் இழவு வீடு. ஃப்ரீசர் பெட்டி வந்து இறங்குவதற்குள் இவர் வந்து இறங்கியிருப்பார். ஷாமியானாவுக்கடியில், ஃபேன் காற்று நேராக அடிக்கிற நாற்காலி இவருடையது.

அப்பாவைப் பறிகொடுத்தவன் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன தம்பி பண்றது? இந்த உடம்பே வாடகை வீடுதானே. காலி பண்ணுன்னா பண்ணித்தானே ஆகணும்?" என்பார். வாடகை வீட்டைப் பற்றி இவருக்குத் தெரியாதா என்ன! நாலு போர்ஷன் விட்டிருக்கிறார். காலி பண்ணுகிறவனுக்கு, வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டுதான் அட்வான்ஸைத் திருப்பித் தருவார். அவன் முனகினால், "பணம் இன்னிக்கு வரும், நாளைக்குப் போகும்" என்று அதற்கும் ஒன்று வைத்திருப்பார்.

பைக் திருடு போனவனிடம் நிலையாமை, சீட்டுப் பணம் ஏமாந்தவனிடம் பற்றின்மை, பெண்ணுக்கு வரன் தட்டிப் போனவரிடம் விதி. சரக்குக்குக் குறைவே இல்லை. நஷ்டம் மட்டும் அடுத்தவருடையதாக இருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஆள் திருவண்ணாமலையில் இருந்தார். 1924 ஜூன் 26 இரவு, ரமணாசிரமத்துக்குள் திருடர்கள் புகுந்தார்கள். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ரமணர் சொல்லியும் அவர் தொடையில் அடி விழுந்தது. போதாவிட்டால் இன்னொரு காலிலும் அடித்துக்கொள்ளலாம் என்றாராம். இரும்புக் கம்பியோடு கிளம்பிய தொண்டரையும் தடுத்துவிட்டார். திருடர்களை உட்கார வைத்து மாயையை விளக்கியதாக யாரும் எழுதிவைக்கவில்லை. நம்மவராக இருந்தால் விளக்கியிருப்பார். அடி தொண்டர் காலில் விழுந்திருந்தால்.

நம்மவருக்கும் சோதனை வந்ததுண்டு. கோயிலில் உபன்யாசம், தலைப்பு, 'நான், எனது'. முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிவிட்டு வெளியே வந்தால், செருப்பைக் காணோம். பூக்காரம்மாவை விசாரித்தார், வாட்ச்மேனை அதட்டினார், சிசிடிவி எங்கே என்றார். "போன பொங்கலுக்கு வாங்கினது சார், அசல் தோல்!" கூட்டம் கலையும் வரை நகரவில்லை.

ஒருவழியாகக் கிளம்பும்போது காலில் செருப்பு இருந்தது. ஒரு சைஸ் பெரிசு.

"இது உங்களுதா சார்?" என்று கேட்டான் வாட்ச்மேன்.

"இந்த உலகத்துல எதுப்பா நம்மளுது?" என்று சொல்லிவிட்டு, சற்று வேகமாகவே நடந்தார்.