இடப்பக்கம் திரும்பச் சொன்னது, அங்கே பள்ளம்!

இந்த வாரம் ஓடுகிறவர்களின் கடிதங்கள் மட்டும். நடப்பவர்களும் படிக்கலாம். உட்கார்ந்தே இருப்பவர்கள் கட்டாயம் படிக்கலாம்.

கள்ளக்குறிச்சிக்குள் ஓடுவதற்கு வழிகாட்டும் வாட்ச் எதற்கு? துருகம் ரோடும் கச்சேரி ரோடும் எனக்குத் தெரியாதா?
— உள்ளூர்க்காரன், கள்ளக்குறிச்சி

தேவையே இல்லை. நான்குமுனைச் சந்திப்பில் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றால் பின்னால் வரும் பஸ்ஸே வழிகாட்டிவிடும். ஆனால் கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணையும் தாண்டி கல்வராயன் மலைச்சாலையில் ஏறினால், உங்கள் உள்ளூர்ப் பெருமை அடிவாரத்திலேயே நின்றுவிடும். மேலே கிளை பிரிகிற மண் பாதைக்கெல்லாம் போர்டு கிடையாது. வாட்ச் அங்கேதான் சம்பளத்துக்கு வேலை செய்கிறது.

வெள்ளிமலைப் பக்கம் போனாலே போனில் டவர் போய்விடுகிறது. வாட்ச் மட்டும் எப்படி வழி காட்டும்?
— டவர் தேடி அலைபவன், சங்கராபுரம்

செல்போன் டவருக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் சம்பந்தமில்லை. ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள், ‘நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது’ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. உங்கள் வாட்ச் கேட்கிறது, அவ்வளவுதான், பதில் பேசுவதில்லை. நான்கு செயற்கைக்கோள்கள் காதில் விழுந்தால் இருக்கும் இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். மூன்று போதாதா என்பீர்கள். போதாது. அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் ஆகிய மூன்றோடு, வாட்சின் சொந்தக் கடிகாரம் எவ்வளவு தப்பு என்பதும் தெரிய வேண்டும். மேலே இருப்பது அணுக்கடிகாரம், கையில் இருப்பது அப்படியில்லை. வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் கணக்கில் 300 மீட்டர் பிசகும்.

டவர் தேவைப்படுவது கிளம்புவதற்கு முன்னால்தான். வரைபடம், ஓட வேண்டிய வழி இரண்டையும் வீட்டு வைஃபையிலேயே வாட்சில் இறக்கிக்கொள்ளுங்கள். போனோடு ஒருமுறை இணைத்தால், அடுத்த சில நாட்களில் எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கும் என்ற பட்டியலும் வந்துவிடும். பட்டியல் இல்லாவிட்டால் அந்த விவரத்தை வானத்திலிருந்தே வாங்க வேண்டும். ஒரு சுற்று சொல்லி முடிக்க ஜிபிஎஸ் செயற்கைக்கோளுக்கு 30 வினாடி ஆகும். ஆகவே வெட்டவெளியில் ஒன்றிரண்டு நிமிடம் நின்று, வாட்ச் தயார் என்று சொன்னபின் ஓடுங்கள். முந்திரிக்கொட்டைகளின் முதல் கிலோமீட்டரை வாட்ச் கரும்புக் கொல்லைக்குள் வரைந்து வைத்திருக்கும்.

அமெரிக்கக்காரன் திடீரென்று ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டால்?
— தேசபக்தன், உளுந்தூர்பேட்டை

அணைக்கவில்லை, ஆனால் மங்கலாக்கி வைத்திருந்தார்கள். பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை சேர்க்கும் வழக்கம் 2000 மே மாதம்தான் முடிவுக்கு வந்தது. இன்றைய வாட்ச் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ என எல்லார் பேச்சையும் கேட்கிறது. நம் நாவிக்கைக் கேட்கும் வாட்சுகளும் உண்டு. இத்தனை பேரும் ஒரே நாளில் கோபித்துக்கொண்டால், அன்றைக்கு ஓட்டத்தைவிடப் பெரிய கவலைகள் நமக்கு இருக்கும்.

கம்ப்யூட்டரில் வழி வரைந்து வாட்சில் ஏற்றிக்கொண்டு மலையில் ஓடினேன். பாதியில் இடப்பக்கம் திரும்பச் சொன்னது. அங்கே பள்ளம்தான் இருந்தது. வாட்ச் கம்பெனி மேல் வழக்குப் போடலாமா?
— நல்லவேளை திரும்பாதவன், கச்சிராயப்பாளையம்

போடலாம். எதிர்த்தரப்பு முதல் சாட்சியாக உங்களையே கூண்டில் ஏற்றும். வழியை வரைந்தது நீங்கள்!

வாட்சில் ஏற்றுகிற ஜிபிஎக்ஸ் கோப்பு என்பது புள்ளிகளின் நீண்ட பட்டியல். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அட்சரேகை, ஒரு தீர்க்கரேகை. வேண்டுமானால் உயரமும் இருக்கும். பள்ளம், முள், ஓடை, கடிக்கிற நாய் எதுவும் அதில் எழுதியிருக்காது. விலை குறைந்த வாட்ச் வெறும் திரையில் கோட்டை மட்டும் காட்டும். விலை கூடியது கோட்டுக்குக் கீழே வரைபடத்தையும் விரிக்கும். இரண்டுமே கோட்டைத்தான் காட்டும். அதைப் போட்டுக் கொடுக்க ஆள் வேண்டும்.

வழி வரையும் செயலிகளில் ‘பலர் ஓடிய பாதை’யைப் பார்த்துத் தானே கோடு போடும் வசதி உண்டு. பெசன்ட் நகரில் அது பிரமாதமாக வேலை செய்யும். கல்வராயனில் மலைப் பாதைகளில் தினமும் போய்வருவது ஆடு, மாடு, கடுக்காய் பொறுக்கப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். இவர்கள் யாரும் ஓட்டத்தைப் பதிவேற்றுவதில்லை. அதனால் செயலி, வரைபடத்தில் யாரோ என்றோ போட்ட மெல்லிய கோட்டை நம்பும். அது ஒற்றையடிப் பாதையாகவும் இருக்கலாம், மழைக்கால ஓடையாகவும் இருக்கலாம்.

வரைந்து முடித்ததும் செயற்கைக்கோள் படத்தை விரித்து, கோட்டின் மேல் விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மரங்களுக்கு நடுவில் மண் நிறம் தெரியாத இடத்தில் சந்தேகப்படுங்கள். ஏற்ற இறக்க வரைபடமும் கூடவே வரும். அதில் கோடு சுவர்போல் நிமிர்ந்து நின்றால் ஓடும் இடம் அதுவல்ல. அப்புறம் ஒரு கேள்வி: இந்த வழியை வரைந்தவர் அதில் நடந்திருக்கிறாரா? வாட்சின் விலையைவிட இந்தக் கேள்விக்கு மதிப்பு அதிகம்.

மலையில் வழி கேட்க வேண்டுமானால் வாட்சைக் கேட்பதா, மாடு மேய்க்கிற பெரியவரைக் கேட்பதா?
— இரண்டுங்கெட்டான், சின்னசேலம்

வழியைப் பெரியவரிடம் கேளுங்கள். நேற்று பெய்த மழையில் எந்த ஓடை பெருகியது என்று வாட்சுக்குத் தெரியாது. தூரத்தை வாட்சிடம் கேளுங்கள். பெரியவர் ‘கூப்பிடு தூரம்தான்’ என்பார். அவர் குரலுக்கு அது உண்மை.

கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் ‘வழி தவறிவிட்டீர்கள்’ என்று அலறுகிறது. இருப்பதே ஒரு சாலை, எப்படித் தவறுவேன்?
— தவறாதவன், தியாகதுருகம்

மலைச்சாலையில் ஒரு பக்கம் பாறைச் சுவர் பாதி வானத்தை மறைத்துவிடும். நேராக வர முடியாத சிக்னல் பாறையில் மோதித் திரும்பி வாட்சுக்கு வரும். சுற்றி வந்ததால் கொஞ்சம் தாமதம். வாட்ச் அந்தத் தாமதத்தைத் தூரம் என்று நம்பி, உங்களைச் சாலைக்கு வெளியே கொண்டுபோய் வைக்கும். கோட்டிலிருந்து விலகியதாக எச்சரிக்கை வருவது இப்படித்தான். வளைவில் மேல் சாலையும் கீழ்ச் சாலையும் அருகருகே ஓடுவதால், சில சமயம் நீங்கள் இன்னும் ஏறாத சாலையில் தூக்கி வைத்துவிடும். சந்தோஷப்படாதீர்கள், கொஞ்ச நேரத்தில் இறக்கியும் விடும்.

எல்1, எல்5 என இரண்டு அலைவரிசைகளைக் கேட்கும் வாட்சுகளில் இந்தத் தொல்லை குறையும், தீராது. இன்னொன்றையும் பாருங்கள். பேட்டரியை மிச்சம் பிடிக்கும் முறையில் வாட்ச் புள்ளிகளை விட்டுவிட்டுப் பதியும். வளைவைக் குறுக்கே வெட்டிக் கோடு போடும். நீங்கள் மூச்சு வாங்கி ஏறிய தூரத்தில் ஒரு பங்கு கணக்கில் காணாமல் போகும். மலைக்குப் போகும் நாளில் ‘ஒவ்வொரு வினாடியும் பதி’ என்று மாற்றுங்கள். அலறல் ஒருமுறை வந்தால் விட்டுவிடுங்கள். ஒரு நிமிடம் கழித்தும் நிற்காவிட்டால், நீங்கள் நில்லுங்கள்.

நாய் துரத்தும்போது வாட்ச் வழி காட்டுமா?
— ஓடியே தீருபவன், திருக்கோவிலூர்

‘பாதையை விட்டு விலகிவிட்டீர்கள்’ என்று சொல்லும். வேகம் மட்டும் அன்றைக்குச் சாதனையாகப் பதிவாகும்.

‘தொடங்கிய இடத்துக்குத் திரும்பு’ என்ற பொத்தான் இருக்கிறதே, பிறகு என்ன பயம்?
— தைரியசாலி, கள்ளக்குறிச்சி

அதை அழுத்தினால் பல வாட்சுகள் இரண்டில் ஒன்றைக் கேட்கும்: வந்த வழியே திரும்புவதா, நேர்க்கோட்டில் போவதா. சமவெளியில் நேர்க்கோடு என்றால் வரப்பு, வாய்க்கால், கரும்புக் கொல்லை. அதிகம் போனால் தோட்டக்காரரின் வசவு. கல்வராயனில் நேர்க்கோடு என்றால் நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. கரியாலூர்ப் பக்கம் ஒரு முகட்டில் நின்றுகொண்டு, எதிர் முகட்டில் நிறுத்திய பைக்கைத் தேடுகிறீர்கள் என்று வையுங்கள். ‘800 மீட்டர்’ என்று அம்பு எதிரே காட்டும். அது காக்கைக்கு 800 மீட்டர். உங்களுக்கு இறங்கி, ஓடை கடந்து, ஏறி, நடுவில் இருட்டியும் விடும்.

மலையில் எப்போதும் வந்த வழிதான். வந்த வழியை நீங்கள் நடந்து பார்த்துவிட்டீர்கள், அதற்கு வேறு சாட்சி வேண்டாம். திரும்பி வரும்போது பாதையின் முகமே மாறித் தெரியும் என்பதால், கிளை பிரியும் இடத்தில் நின்று ஒருமுறை பின்னால் பார்த்துவிட்டுப் போவது பழைய காட்டு வழக்கம். பேட்டரி தீர்ந்தாலும் அது தீராது.

போலீஸ் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கிறேன். வாட்ச் கணக்கில் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்கிறேன். தைரியமாகப் போகலாமா?
— வருங்கால ஏட்டு, சங்கராபுரம்

வாட்சை நம்பிப் போகாதீர்கள் ஏட்டையா. 400 மீட்டர் வட்டத்தில் சுற்றும்போது ஜிபிஎஸ் வளைவுகளைச் சரியாகப் பிடிக்காது. சுற்றுக்குச் சில மீட்டர் கூடும், குறையும். உள்கோட்டை ஒட்டி மூன்றே முக்கால் சுற்று ஓடுங்கள், வாட்சை வெறும் ஸ்டாப்வாட்சாக வைத்துக்கொள்ளுங்கள். மாரத்தான் ஓடுபவர்களுக்கும் இதே தகராறுதான்: ‘என் வாட்ச் 42.195ஐத் தாண்டிக் காட்டுகிறது, பாதை நீளம்’ என்பார்கள். அந்தப் பாதையை அளப்பது ஜிபிஎஸ் அல்ல. முன்சக்கரத்தில் எண்ணும் கருவி பொருத்திய சைக்கிள். குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டியும் அளப்பார்கள். தேர்வில் உங்களுக்கு விசில்தான் கடிகாரம்.

காலையில் ஓர் உயரம், மாலையில் ஓர் உயரம் காட்டுகிறது. மலை வளர்கிறதா?
— ஓய்வுபெற்ற தபால்காரர், வெள்ளிமலை

மலை நிற்கிறது ஐயா, காற்றுதான் கனம் மாறுகிறது. பல வாட்சுகள் காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்கின்றன. அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் எட்டு, ஒன்பது மீட்டர் ஏறிவிட்டதாக நினைத்துக்கொள்ளும். நம் வெப்ப மண்டலத்தில் அழுத்தம் தினமும் காலை பத்து மணி வாக்கில் உச்சிக்குப் போய், மாலை நான்கு வாக்கில் மூன்று நான்கு அலகு இறங்கும். நீங்கள் திண்ணையில் உட்கார்ந்தபடியே 25 மீட்டர் ஏறியிருப்பீர்கள்.

சரி, ஜிபிஎஸ் உயரத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்றால் அதில் வேறு வேடிக்கை. ஜிபிஎஸ் உயரத்தைக் கணக்கிடுவது கணிதக்காரர்கள் வகுத்த வழவழப்பான உருண்டையிலிருந்து. இலங்கைக்குத் தெற்கே ஈர்ப்பு குறைவு என்பதால் கடல் மட்டமே அந்த உருண்டையைவிட 100 மீட்டருக்கு மேல் தாழ்ந்து கிடக்கிறது. தமிழ்நாடும் அந்தத் தாழ்வுக்குள்தான். திருத்தாமல் காட்டினால் மெரினாவில் சுண்டல் தின்பவர் கடலுக்கடியில் இருப்பதாகச் சொல்லும். வாட்ச் உள்ளுக்குள்ளேயே திருத்திக்கொள்கிறது. ஓட்டம் தொடங்கும்போது தெரிந்த உயரத்தை ஒருமுறை பதிந்துவிட்டால் போதும்.

தினமும் வீட்டு வாசலில் தொடங்கி வாசலில் முடிக்கிறேன். ஓடிய வழியைச் செயலியில் போடுகிறேன். யாராவது தவறாகப் பயன்படுத்துவார்களா?
— கல்லூரி மாணவி, சின்னசேலம்

பயன்படுத்தலாம். இன்றே இரண்டை மாற்றுங்கள்: பதிவைத் தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கட்டும், தொடக்கமும் முடிவும் மறையட்டும். அதற்கான வசதி செயலியிலேயே இருக்கிறது. இப்படியொரு செயலியை நடத்தும் ஸ்ட்ராவா நிறுவனம் 2017 நவம்பரில் உலகத்தார் ஓடிய வழிகளை ஒளிக்கோடுகளாக வெளியிட்டது. பாலைவனத்தின் நடுவே இருந்த ராணுவ முகாம்கள் வேலியோரம் ஓடிய வீரர்களின் புண்ணியத்தில் பளிச்சென்று தெரிந்தன. 2018 ஜனவரியில் அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஓர் ஆஸ்திரேலிய மாணவர். ராணுவத்துக்கே அந்தக் கதி.

மகன் ஜிபிஎஸ் வாட்ச் கேட்கிறான். எவ்வளவு ஆகும்?
— பர்ஸைத் தடவுகிறவர், உளுந்தூர்பேட்டை

பத்தாயிரத்துக்குள்ளும் உண்டு, லட்சத்துக்குப் பக்கத்திலும் உண்டு. முதலில் நல்ல ஷூ வாங்கிக் கொடுங்கள். ஆறு மாதம் கழித்தும் ஓடிக்கொண்டிருந்தால் வாட்ச் பேச்சை எடுக்கலாம். அப்போதும் விளம்பரத்தில் உள்ள பேட்டரி நாட்களைப் பார்க்காதீர்கள். வரைபடம் விரித்து, எல்லாச் செயற்கைக்கோளையும் கேட்டுக்கொண்டு எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேளுங்கள்.

வாட்சில் எஸ்ஓஎஸ் பொத்தான் இருக்கிறது. கல்வராயன் காட்டுக்குள் தனியாக ஓடலாமா?
— சாகசக்காரன், கள்ளக்குறிச்சி

கூடாது. பெரும்பாலான வாட்சுகளில் அந்தப் பொத்தான் உங்கள் போன் வழியாகத்தான் செய்தி அனுப்பும். டவர் இல்லையென்றால் நீங்கள் அழுத்தியது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். செயற்கைக்கோள் வழியே பேசும் கருவியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமே என்று நினைக்காதீர்கள்; அனுமதியின்றி வைத்திருப்பது இங்கே குற்றம். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் கனடா நாட்டு ஓட்டக்காரர் ஒருவர் பையில் அப்படியொரு கருவி இருந்ததால் பிடிபட்டார்.

காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தது அதன் பிறகுதான். தார்ச்சாலையில் ஓடுங்கள், துணையோடு ஓடுங்கள். எந்த வழி போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். காகிதத்துக்கு சார்ஜ் வேண்டாம்.

என் வாட்சில் எங்கள் சிற்றூரே இல்லை. பாதைகளும் இல்லை. நாங்கள் இருக்கிறோமா இல்லையா?
— பிளஸ் டூ மாணவன், கல்வராயன் மலை

இருக்கிறீர்கள் தம்பி. உங்கள் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. அங்கே சாலையும் மற்ற அடிப்படை வசதியும் போதவில்லை என்று 2024இல் உயர் நீதிமன்றம் தானே வழக்கெடுத்து விசாரித்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதே 2019 நவம்பரில்தான். வரைபடக்காரர்கள் பின்தங்கியதில் ஆச்சரியமில்லை.

பல வாட்சுகள் பயன்படுத்துவது ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடம். 2004இல் தொடங்கியது; யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கித் திருத்தலாம், காசு கிடையாது. அதில் ஊர் இல்லையென்றால் போட வேண்டியவர் நீங்கள்தான். பள்ளிக்கூடம் போகிற பாதையில் வாட்சை ஓடவிட்டு ஒருமுறை நடங்கள். பதிவான கோட்டை ஏற்றி, அதன் மேல் பாதையை வரையுங்கள். நடைபாதை என்றால் நடைபாதை என்றே குறியுங்கள். ஜீப் போகும் என்று பெருமைக்குப் போட்டுவிட்டால் ஒரு நாள் ஆம்புலன்ஸ் வந்து மாட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் கடக்க முடியாத ஓடையைக் குறிக்கத் தவறாதீர்கள். ஊர்ப் பெயரை உங்கள் பாட்டி சொல்கிறபடியே, தமிழிலும் எழுதுங்கள். மேலே கச்சிராயப்பாளையம் வாசகர் அடுத்த முறை வரும்போது பள்ளம் இருக்கும் இடம் அவருக்கு முன்கூட்டியே தெரியட்டும்.