பாருங்கள், மிதிக்காதீர்கள்!

கேள்வி: பவளப்பாறை பார்க்க ஆஸ்திரேலியாவுக்குத்தான் போகணுமா? (வாசகி, மதுரை)

பதில்: ராமநாதபுரம் பஸ் ஏறினால் போதும். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே, மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். படகு எங்கே கிடைக்கும், அன்றைக்கு விடுவார்களா என்று வனத்துறையிடம் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். கரையில் வேறு யாராவது "நான் தீவுக்கே கூட்டிட்டுப் போறேன் சார்" என்று அழைத்தால் ஏறாதீர்கள்.

கேள்வி: எந்த மாதம் நல்லது? (வாசகர், திருச்சி)

பதில்: பிப்ரவரி, மார்ச். அதற்கு முன்னால் மழைக் கலங்கல், பின்னால் தென்மேற்குக் காற்று. காலையிலேயே போய்விடுங்கள். படகோட்டி "இன்னிக்கு வேண்டாம்" என்றால் அதற்கு மேல் பேச்சே கிடையாது.

கேள்வி: படகு ஏறினாலே எனக்கு வாந்தி வரும்... (வாசகி, ஈரோடு)

பதில்: இரண்டு இட்லியோடு ஏறுங்கள், வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. அடியில் கண்ணாடி பதித்த படகில் குனிந்தே இருந்தால் தலை சுற்றும். அடிக்கடி நிமிர்ந்து தொடுவானத்தைப் பாருங்கள்.

கேள்வி: டிவியில் சிவப்பும் மஞ்சளுமாகக் காட்டுகிறார்கள். நேரில் வெறும் பழுப்பாக இருந்ததே! (வாசகர், சேலம்)

பதில்: பழுப்பைப் பார்த்தீர்களா, சந்தோஷப்படுங்கள். சில மில்லிமீட்டரே உள்ள உயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழ்ந்து, தங்களுக்கு அடியில் சுண்ணாம்புக் கூடு கட்டிக்கொண்டே போவதுதான் பவளப்பாறை. அந்த உயிர்களின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெயிலை வாங்கி உணவு தயாரித்துப் பவளத்துக்கும் ஊட்டுவது அதுதான். பழுப்பு நிறமும் அதனுடையதே. கடல்நீர் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி சூடாகிச் சில வாரங்கள் அப்படியே நீடித்தால், பாசி வெளியேறிவிடும். பவளம் வெள்ளைவெளேரென்று மாறும். பார்க்க அழகாக இருக்கும், உள்ளே பட்டினி. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் செத்துப்போகும். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் இப்படித்தான் பெரிய அளவில் வெளுத்தது. சிவப்பைக் காணோம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சூரிய ஒளியில் உள்ள சிவப்பைக் கடல்நீர் முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடும். டிவிக்காரர்கள் விளக்கோடு இறங்குகிறார்கள்.

கேள்வி: ஞாபகத்துக்கு ஒரு சின்னத் துண்டு எடுத்து வரலாமா? (வாசகர், கோவை)

பதில்: கூடாது. 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளத்துக்கும் புலிக்கும் ஒரே அட்டவணை. கரையில் செத்து ஒதுங்கியதையும் விட்டுவிடுங்கள். கடையில் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: "அந்தக் காலத்தில் வண்டி வண்டியாக வெட்டினோம்" என்கிறாரே என் தாத்தா? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: உண்மைதான். கடப்பாறையால் பெயர்த்து, சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். கட்டடத்துக்கும் போனது, ஆலைகளுக்கும் போனது. 21 தீவுகள் என்று மேலே சொன்னேன் அல்லவா, விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி இரண்டும் இன்று தண்ணீருக்கு அடியில். அலையை முதலில் வாங்கிக்கொள்வது பவளப்பாறை. அதை எடுத்தால் அலை தீவின் மணலை அரிக்கிறது. உங்கள் தாத்தாவைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குக் கிடைத்தது கூலி. வாங்கிய ஆலைகளையும் பல்லாண்டு பார்த்துக்கொண்டிருந்த அரசையும்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: சன்ஸ்கிரீன் பூசிக்கொள்ளலாமா? (வாசகி, சென்னை)

பதில்: முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போதும். ஆக்ஸிபென்சோன் கலந்த சன்ஸ்கிரீன் பவளக் குஞ்சுகளைப் பாதிக்கும் என்று ஹவாய் மாநிலம் 2021 முதல் அதன் விற்பனையையே கட்டுப்படுத்திவிட்டது.

கேள்வி: எனக்கு நீச்சல் அரைகுறைதான். அனுமதிக்கிற இடத்தில் மாஸ்க் போட்டு இறங்கலாமா? (வாசகர், விருதுநகர்)

பதில்: இறங்கினால் நன்றாக இருக்கும். காதைத் தண்ணீருக்குள் வைத்தால் கிளிமீன் பாறையைச் சுரண்டுகிற கரகர சத்தம்கூடக் கேட்கும். ஆனால் மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்த மறு நொடி, பழக்கமில்லாதவரின் கால் தானாகவே தரையைத் தேடும். அங்கே தரை என்பது பவளம். உருண்டைப் பவளம் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு முழ உயரத்தில் இருப்பதற்கு வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். உங்கள் குதிகாலுக்கு ஒரு நொடி போதும். எனவே ஊர்க் குளத்தில் மிதக்கப் பழகிவிட்டு வாருங்கள். அதுவரை லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாமல் படகிலேயே உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பாருங்கள். தண்ணீர் தெளிந்த காலையில் அதுவே தாராளமாகத் தெரியும்.