சும்மா இருப்பதற்கு ஒரு தீவு

உலகத்தில் சும்மா இருப்பதற்கென்றே பெயர் போன ஸ்தலம் ஒன்று உண்டென்றால், அது இத்தாலி தேசத்தில் நேப்பிள்ஸ் நகரத்துக்கு எதிரே கடலில் நிற்கும் காப்ரித் தீவுதான் என்று, அங்கே போய் வந்தவர்களும், போகாமலே போய் வந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்களும் ஒருமுகமாகச் சாட்சி சொல்லுகிறார்கள். இந்தப் புகழ் இன்று நேற்று ஏற்பட்டதல்ல. கி.மு. 29-ஆம் ஆண்டில் அகஸ்டஸ் என்னும் ரோமானியச் சக்ரவர்த்தி, இதைப்போல் நாலு மடங்கு பெரியதும், வெந்நீர் ஊற்றுக்களும் வளமான மண்ணும் உடையதுமான இஸ்கியா தீவை நேப்பிள்ஸ்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, பத்துச் சதுர கிலோமீட்டர் சுண்ணாம்புப் பாறையாகிய காப்ரியைப் பதிலுக்கு வாங்கிக்கொண்டார். இப்படி ஒரு பரிவர்த்தனையைச் சாதாரணக் குடும்பத் தலைவர் ஒருவர் செய்திருந்தால் பாகஸ்தர்கள் மறுநாளே வக்கீல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். செய்தவர் சக்ரவர்த்தி ஆகையால் அவருக்கு ரசிகர் என்ற பெயர் வந்தது. அந்த ரசிகரே, தம் பரிவாரத்தார் அங்கே வேலைவெட்டி இல்லாமல் திரிவதைக் கண்டு, 'சோம்பேறிப் பட்டணம்' என்று பரிகாசமாக ஒரு பட்டம் சூட்டினாராம். அவர் சொன்னது காப்ரியை அல்ல, பக்கத்திலிருந்த வேறொரு தீவை என்று வாதாடும் பண்டிதர்களும் இருக்கிறார்கள். சோம்பேறிப் பட்டத்துக்குக்கூடப் போட்டி இல்லாமல் போகவில்லை பாருங்கள்!

அந்தப் பட்டத்தை நம்பி அங்கே குடியேறியவர்களில் பிரதானமானவர் அகஸ்டஸுக்குப் பின் பட்டத்துக்கு வந்த திபேரியஸ். கி.பி. 26-இல் ரோமாபுரியை விட்டுக் கிளம்பியவர், 37-இல் கண்ணை மூடும் வரையில் அந்த நகரத்துக்குள் மறுபடி காலெடுத்து வைக்கவேயில்லை. சரி, மனிதர் நிம்மதியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நாம் எண்ணுவோம். அவரோ முதல் காரியமாகத் தீவில் பன்னிரண்டு மாளிகைகளை அமைத்துக்கொண்டார். சும்மா இருப்பதற்கு ஒரு திண்ணை போதுமே, பன்னிரண்டு மாளிகை எதற்கு என்று கேட்க அவர் அருகில் ஒருவரும் இல்லை. அவற்றுள் பெரியதாகிய வில்லா யோவிஸ், முந்நூறு மீட்டருக்கு மேற்பட்ட செங்குத்தான பாறை உச்சியில் இன்றும் இடிபாடாக நிற்கிறது. மலை மேல் தண்ணீர் ஏது? ஆகவே மழைநீரைத் தேக்கி வைக்கப் பிரம்மாண்டமான தொட்டிகளைக் கட்டினார்கள். இவ்வளவு ஏற்பாட்டுக்கும் பிறகாவது ஓய்ந்தாரா என்றால், உட்கார்ந்த இடத்திலிருந்து கடிதம் எழுதியே சாம்ராஜ்யத்தை ஆண்டார். 31-ஆம் ஆண்டில் செனட் சபையில் வாசிக்கப்பட்ட அவருடைய கடிதம் ஒன்று, எங்கெங்கோ சுற்றி வளைத்துத் தொடங்கி, கடைசியில் அவருடைய வலக்கையாக இருந்த செஜானஸைச் சிறைப்படுத்தும்படி முடிந்தது. கடிதத்தைச் சாவதானமாகக் கேட்டுக்கொண்டிருந்த செஜானஸுக்கு அன்றைப் பொழுது போவதற்குள் மரண தண்டனையும் நிறைவேறிவிட்டது. ஓய்வெடுக்கப் போன மேலதிகாரியிடமிருந்து வரும் கடிதம் எந்தக் காலத்திலும் நல்லதல்ல.

இன்னொரு கதையைச் சுவெட்டோனியஸ் என்ற சரித்திரக்காரர் சொல்லுகிறார். திபேரியஸ் தீவுக்கு வந்த சில நாட்களில், ஏகாந்தமாக இருந்த சமயம் பார்த்து, ஒரு செம்படவன் வழியில்லாத பாறைகளின் மேல் தொற்றி ஏறி வந்து, ஒரு பெரிய மீனைக் காணிக்கையாக நீட்டினான். எதிர்பாராத இந்தத் தரிசனத்தால் நடுங்கிப் போன சக்ரவர்த்தி, அந்த மீனைக்கொண்டே அவன் முகத்தைத் தேய்க்கும்படி உத்தரவிட்டார். வேதனையின் நடுவே அந்த அப்பாவி, "நல்ல வேளை, நான் பிடித்த சிங்கி இறாலையும் கொண்டுவந்து கொடுக்காமல் இருந்தேன்" என்று தன் அதிர்ஷ்டத்தை வாய்விட்டு மெச்சிக்கொண்டான். உடனே அந்தச் சிங்கி இறாலையும் வரவழைத்து அதே சிகிச்சையை நடத்தினார்களாம். சுவெட்டோனியஸுக்குத் திபேரியஸை ஆகாது என்பது பிரசித்தமாகையால், இந்தக் கதையில் எவ்வளவு மீன், எவ்வளவு புளி என்று நிச்சயிப்பது கடினம். ஆனாலும், தனிமையைத் தேடி வந்தவரைத் தேடிக்கொண்டு போகக் கூடாது என்ற பாடத்தை என் மைத்துனருக்கு யாரும் அந்தக் காலத்திலேயே சொல்லிக்கொடுக்கவில்லை.

மைத்துனர் என்று நான் குறிப்பிடுவது என் மனைவியின் தம்பியை. கணக்குத் தணிக்கை அவருக்கு உத்தியோகம். உத்தியோகத்தை விட்டு வெளியே வந்தால் மற்ற எல்லாவற்றையும் தணிக்கை செய்வது பொழுதுபோக்கு. காப்ரியில் நிதானமாகத் தங்கி ஒரு காரியமும் செய்யாமல் இருந்துவிட்டு வரவேண்டும் என்று நான் வெகு காலமாகச் சங்கல்பம் செய்திருந்ததை அறிந்து, அந்தச் சங்கல்பத்தைத் திறமையாக நிறைவேற்றிக் கொடுப்பதற்காக அவரும் உடன் வந்தார். படகில் ஏறும்போதே ஒரு தாளை என் கையில் கொடுத்தார். அதில் விடியற்காலை முதல் நித்திரை வரையில் எங்கள் ஓய்வு கால் மணி கால் மணியாகப் பங்கிடப்பட்டிருந்தது. 'கடலை ரசித்தல், 8 முதல் 8.45 வரை' என்று ஓர் இடத்தில் கண்டிருந்தது. அதற்கு மேலும் கடல் பாக்கியிருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "அத்தான், அதற்குத்தான் மாலையில் மறுபடி பதினைந்து நிமிஷம் வைத்திருக்கிறேன்" என்றார்.

மரீனா கிராண்டே என்ற துறையில் படகுகள் காலையில் கொண்டுவந்து கொட்டும் ஜனத்திரளைப் பார்த்தால், சும்மா இருக்க வந்த கூட்டமா, ரயிலைப் பிடிக்க ஓடும் கூட்டமா என்ற சந்தேகம் உண்டாகும். 1907-ஆம் ஆண்டு முதல் ஓடிக்கொண்டிருக்கும் கம்பிவட ரயில், மலைச்சரிவில் எலுமிச்சைத் தோட்டங்களுக்கு நடுவே சில நிமிஷங்களில் ஊருக்குள் ஏற்றிவிடுகிறது. ஊரின் தெருக்களோ இரண்டு குடைகள் எதிரெதிரே வந்தால் ஒன்று மடங்கியாக வேண்டிய அகலம். மோட்டாருக்கு அங்கே அனுமதி இல்லை. பதிலாக, மின்சாரத்தில் ஓடும் ஒல்லியான சாமான் வண்டிகள், மேலே யாரோ சீமாட்டியின் பெட்டிகளை மலைபோல் அடுக்கிக்கொண்டு, சத்தமே இல்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். வண்டிக்காரன் "பெர்மேஸ்ஸோ!" என்று ஒரு கூச்சல் போடுவான். அந்தக் கூச்சலில் மரியாதை முழுவதும் வார்த்தையில் இருக்குமே தவிர தொனியில் இராது. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வழிவிட்டு நிற்கும்போது, தீவில் உண்மையாக வேலை செய்கிறவன் இவன் ஒருவன்தான் என்ற மதிப்பு எனக்கு உண்டாகும். சும்மா இருப்பவர்களின் சாமான்களுக்கு இவ்வளவு எடை எப்படி வந்தது என்பது மட்டும் இன்னும் விளங்கவில்லை.

ஊர் நடுவில் பியாத்ஸெத்தா என்று செல்லமாக அழைக்கப்படும் சின்னஞ்சிறு சதுக்கம் இருக்கிறது. சர்க்கார் ஏட்டில் அதன் பெயர் உம்பெர்த்தோ அரசரின் பெயர். ஒரு மணிக்கூண்டு, மாதா கோவிலுக்கு ஏறும் படிக்கட்டு, நாலு புறமும் காப்பிக்கடைகளின் பிரம்பு நாற்காலிகள், அவ்வளவுதான் சதுக்கம். உலகத்துச் செல்வந்தர்களும் சினிமா நக்ஷத்திரங்களும் பல தலைமுறைகளாக அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறபடியால், நாற்காலிக்கும் ஒரு கௌரவம் ஏற்பட்டு, அந்தக் கௌரவம் காப்பியின் விலையில் சேர்ந்துகொண்டது. கடைக்குள்ளே நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை. வெளியே உட்கார்ந்து குடித்தால் வேறு விலை. காப்பி என்னவோ இரண்டும் ஒன்றுதான்: குழந்தைக்குச் சங்கில் மருந்து புகட்டும் அளவு. மைத்துனர் விலைப்பட்டியலை ஆதியோடந்தமாகப் படித்து முடித்து, "அத்தான், உட்காருவதற்கு இவ்வளவா? நின்றே குடித்துவிடலாம், வாருங்கள்" என்றார். நின்று குடிப்பதற்கு நேப்பிள்ஸ் ரயில் நிலையம் போதாதா? உட்காருவதற்காகவே கடல் கடந்து வந்தவன் நான். ஆகவே அவர் உள்ளே போய் நின்று, ஒரே மடக்கில் குடித்து, பாக்கிச் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு திரும்பினார். நான் வெளியே உட்கார்ந்து, அந்த மூன்று மிடறு காப்பியை முற்பகல் பூராவுக்கும் நீட்டினேன்.

அப்பொழுதுதான் அந்த வித்தையின் நுட்பங்கள் புலப்பட்டன. அந்த நாற்காலிகளில் உட்காருவது ஒரு கடுமையான சாதகம். வெள்ளைத் துணி உடுத்தியிருக்க வேண்டும். அது கசங்கியும் இருக்க வேண்டும். ஆனால் பிரயாணத்தில் கசங்கியதாகத் தோன்றக் கூடாது. எல்லாரும் எல்லாரையும் பார்க்க வேண்டும். யாரும் யாரையும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. என் பக்கத்து மேஜையில் ஒரு கனவான், கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, தலையை ஓர் அங்குலமும் அசைக்காமல் சதுக்கத்தின் நாலு திசையையும் கவனித்துக்கொண்டிருந்தார். இப்படி ஒருவர் நாள் முழுவதும் இருந்தால் இரவில் கழுத்துக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளாமல் தீராது. பரிசாரகரோ காலிக் கோப்பையை எடுத்துப் போகும் பாவனையில் மேஜையைத் துடைப்பதும், மறுபடி வந்து துடைத்த இடத்தையே துடைப்பதுமாக, நான் இன்னும் எவ்வளவு நேரம் இருக்க உத்தேசம் என்பதை வாயைத் திறவாமல் விசாரித்தார். நானும் வாயைத் திறவாமலே பதில் சொன்னேன்.

நீலக் குகையை மட்டும் மைத்துனரிடமிருந்து தப்ப வைக்க என்னால் முடியவில்லை. அக்குகையைத் தீவுக்காரர்கள் முன்பே அறிந்து, பேய் இருப்பதாக அஞ்சி ஒதுங்கியிருந்தார்கள் என்றும், 1826-இல் ஆகஸ்ட் கோபிஷ் என்ற ஜெர்மானியக் கவிராயர் உள்ளே நீந்திப் போய் வந்து எழுதியதிலிருந்து உலகமெல்லாம் பெயர் பரவியது என்றும் சொல்லுகிறார்கள். பேய்க்குப் பயந்து போகாமலிருந்த அந்தப் பழங்காலத்தவரின் சௌகரியம் நமக்கு இல்லை. மோட்டார்ப் படகில் போய், குகை வாசலில் அலைமேல் ஆடியபடியே முறைக்குக் காத்திருந்து, வயிறு ஒரு பக்கமும் மனசு ஒரு பக்கமுமாக இருக்கும் தருணத்தில் ஒரு சிறிய துடுப்புப் படகுக்குத் தாவ வேண்டும். குகை வாசலின் உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர். ஆகையால் கோடீஸ்வரரானாலும் சரி, குமாஸ்தாவானாலும் சரி, படகின் அடித்தட்டில் மல்லாந்து படுத்துச் சவாசனம் போட்டாக வேண்டும். படகோட்டி பாறையில் பொருத்திய சங்கிலியைப் பிடித்து, அலை இறங்கும் சமயம் பார்த்து ஒரே இழுப்பாக இழுக்க, நம் மூக்கு நுனிக்கு மேலே பாறை ஓடுகிறது. உள்ளே போய் எழுந்து உட்கார்ந்தால், ஆம், வாஸ்தவமாகவே அது அற்புதம். வாசலுக்குக் கீழே தண்ணீருக்குள் இன்னொரு பெரிய திறப்பு இருக்கிறது; சூரிய ஒளி அதன் வழியாகக் கடல்நீரில் வடிகட்டப்பட்டு, மற்ற நிறங்களை இழந்து, நீலம் மட்டுமாக அடியிலிருந்து எழும்புகிறது. படகு ஒளியின் மேல் மிதக்கிறது. தண்ணீரில் கையை விட்டால் விரல்கள் வெள்ளியாய் மின்னுகின்றன. அந்த மௌனத்தை நான் அனுபவிக்கத் தொடங்கிய க்ஷணத்தில் படகோட்டி உரத்த குரலில் பாட ஆரம்பித்தான். மற்றப் படகுகளிலிருந்தவர்கள் வேறு வேறு பாட்டுக்களைப் பாடினார்கள். எங்கள் ராகம் முடிவதற்குள் குகை தரிசனமும் முடிந்துவிட்டது. வெளியே வந்ததும் பாட்டுக்கு இனாம் கேட்டான். "காத்திருந்தது முக்கால் மணி, பார்த்தது ஐந்து நிமிஷம்" என்று மைத்துனர் தாளில் குறித்துக்கொண்டார். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த ஐந்து நிமிஷம் என்ன நிறம் என்று எழுத அவருடைய தாளில் கட்டம் இல்லை.

காப்ரிக்கு வந்தும் சும்மா இருக்க மாட்டாதவர்களின் வம்சத்தில் லெனினையும் சேர்க்க வேண்டும். மக்ஸிம் கார்க்கி 1906 முதல் 1913 வரை அங்கே வாசம் செய்தபோது, 1908-லும் 1910-லும் லெனின் அவரிடம் விருந்தாளியாகப் போனார். போன இடத்தில் பக்தானவ் என்ற தோழருடன் சதுரங்கம் ஆடினார். ஆட்டத்துக்கு நடுவே தத்துவ விசாரத்தில் அவரோடு சண்டையும் பிடித்தார். அந்தச் சதுரங்கக் காட்சியின் புகைப்படத்தில் கார்க்கி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார். விருந்தாளிகள் இருவரையும் எப்படிச் சமாளிப்பது என்ற கவலை அந்தக் கையில் தெரிகிறது என்பது என் அபிப்பிராயம். ஆனால் உள்ளூர்ச் செம்படவர்கள் லெனினைக் கடலுக்கு அழைத்துப் போய், தூண்டிற்கோல் இல்லாமல் வெறும் கயிற்றை விரலில் பிடித்து, மீன் கடிக்கும்போது 'திரின் திரின்' என்று அதிரும் என்று கற்றுக்கொடுத்தார்களாம். மீன் சிக்கியதும் அவர் குழந்தைபோலத் 'திரின் திரின்' என்று ஆரவாரித்தாராம். அதுமுதல் செம்படவர்களுக்கு அவர் 'திரின்திரின் ஐயா' ஆனார். இதைக் கார்க்கியே எழுதிவைத்திருக்கிறார். திபேரியஸுக்கு மீன் கொண்டுபோனவனின் சந்ததியார் இந்த முறை மீன் இருந்த இடத்துக்கே தலைவரை அழைத்துப் போனது எவ்வளவு விவேகம்!

மாலையில் கடைசிப் படகுகள் பகல் கூட்டத்தை அள்ளிக்கொண்டு போன பிறகு தீவு தன் சுய ரூபத்துக்கு வரும். கடைக்காரர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார்கள். அங்கே கால் அளவைப் பார்த்துக் கண்ணெதிரே செருப்புத் தைத்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. ஒரு கிழவர் என் பாதத்தை அடித்தோலின் மேல் வைத்து, வார்கள் வரவேண்டிய இடங்களைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, துளையிட்டு, வாரைக் கோத்து இழுத்து, சுத்தியால் தட்டி, போட்டு நடக்கச் சொல்லி, திருப்தியில்லாமல் மறுபடி கழற்றி ஒரு வாரை அரைவிரல் நகர்த்தினார். எங்களுக்குள் பாஷை இல்லை, அவசரமும் இல்லை. மைத்துனர் கடிகாரத்தைப் பார்த்தார். கிழவர் மைத்துனரை ஒரு முறை பார்த்துவிட்டு, அதுவரை சரியாக இருந்த இன்னொரு வாரையும் நிதானமாகக் கழற்ற ஆரம்பித்தார்.

புறப்படுவதற்கு முன், தீவின் இன்னொரு ஊராகிய அனாகாப்ரியிலிருந்து மோன்தே சோலாரோ சிகரத்துக்குப் போனோம். 589 மீட்டர் உயரமுள்ள அந்த மலைக்கு, வேலைசெய்யாமல் மேலேறும் வழியை ஒரு மகானுபாவன் கண்டுபிடித்துவைத்திருக்கிறான். கம்பியில் வரிசையாகத் தொங்கும் நாற்காலிகள், ஒருவருக்கு ஒன்று வீதம், நிற்காமல் வந்துகொண்டேயிருக்கும், உட்கார்ந்தால் போதும். மைத்துனர் முன் நாற்காலியில், நான் பின் நாற்காலியில். கால்கள் அந்தரத்தில் தொங்க, கீழே கஷ்கொட்டை மரங்களும் காய்கறித் தோட்டங்களும் மெல்ல நகர, கையில் பிடித்த கம்பியை விட முடியாத காரணத்தால் அவரால் தாளையும் எடுக்க முடியவில்லை. பின்னால் திரும்பி என்னவோ கத்தினார். காற்று அதை வேறு திசையில் கொண்டுபோய்விட்டது. சிறிது நேரத்தில் திரும்புவதையும் நிறுத்திவிட்டார். நல்ல மாற்றம் என்று எண்ணினேன்.

உச்சியில் இறங்கினோம். ஒரு புறம் நேப்பிள்ஸ் வளைகுடாவும் வெசூவியஸும், மறுபுறம் கடலில் நிற்கும் ஃபாராலியோனிப் பாறைகளும் தெரிந்தன. மைத்துனர் பார்க்க வேண்டியதைப் பார்த்தார். பையிலிருந்து தாளை எடுத்தார்.

"அத்தான், இறங்குவதற்கு ஒற்றையடிப் பாதை இருக்கிறதாம். நடந்தே போய்விட்டால் இருபது நிமிஷம் மிச்சம்."

"நாற்காலியில் போனால் அதைவிடச் சீக்கிரம் போகலாமே?"

"நாற்காலியில் போனால் ஒன்றும் செய்ய முடிவதில்லை, அத்தான்!"

அவர் நடந்தார். நான் போகவரச் சீட்டு வாங்கியிருந்தேன். கீழே எலுமிச்சைப் பனிக்கூழ் விற்பவனிடம் ஒரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டு முடித்து, அவருக்காக இன்னொரு கிண்ணம் வாங்கி, அது கரைந்துவிடுமே என்ற ஒரே பரிதாபத்தினால் அதையும் சாப்பிட்டு, மூன்றாவதுக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தபோது தூரத்தில் அவர் தலை தெரிந்தது.